ஆம்பிளிஃபயருக்குச் சந்தனம் வைத்த நாள்

என் கணவர் இன்றைக்கு உயிரோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார் என்றால், அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியது கள்ளக்குறிச்சி கடைவீதியில் ரேடியோக் கடை வைத்திருக்கும் பாய்க்கு. அவரை நான் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என்னைப் பெற்றவர்களே சொல்வார்கள். மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

எங்கள் வீடு தியாகதுருகம் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. விவசாயக் குடும்பம். சாமை வாங்க வெள்ளிமலைக்கு ஜீப்பில் போன என் கணவர், அங்கே ஒரு வீட்டில் பெரிய ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டுவிட்டு வந்தார். அதிலிருந்து மனிதர் வேறு பேச்சே பேசவில்லை. அந்த வருஷம் மக்காச்சோளம் கைகொடுத்ததும், முதல் வேலையாக பாய் கடையிலிருந்து ஓர் ஆம்பிளிஃபயரையும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார்.

அதன் பிளக்கில் மூன்று பின். எங்கள் வீட்டுச் சுவரில் இருந்ததோ இரண்டு ஓட்டை. அன்று பார்த்து என் நாத்தனார் குடும்பம் விருந்துக்கு வருகிறது. வயர்மேனைக் கூப்பிட்டால் நாளைக்குத்தான் வர முடியும் என்கிறார். இவர் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆளுங்க வந்துக்கினு இருக்காங்க. ஒரு பின்னுக்கு இன்னா இவ்ளோ யோசன? அந்தத் தடிப் பின்ன ஒடச்சிட்டு சொருவுங்க" என்றேன்.

கட்டிங் பிளேயரால் ஒரு திருகு. பின் தெறித்து விழுந்தது, பாட்டு வந்தது. பார்த்தீர்களா என்பதுபோல நான் இடுப்பில் கை வைத்து நின்றேன்.

இரண்டு நாளில் தொல்லை ஆரம்பித்தது. பாட்டுக்கு அடியில் உர்ரென்று ஓர் இரைச்சல். தூசி படியாமல் இருக்க நான் பூ வேலை செய்த துணி ஒன்றைப் போர்த்தியிருந்தேன். அதை எடுக்கும்போதெல்லாம் விரலில் சுருக்கென்றது. விட்டேனா, பாய்க்குப் போன் போட்டேன்.

"இன்னா பாய், தெரிஞ்சவங்கன்னு பாக்காம ஒடஞ்ச செட்ட குடுத்துட்டீங்க? தொட்டா கடிக்குது" என்றேன்.

அவர் பதிலுக்குக் கோபப்படவில்லை. "அக்கா, பிளக்குல எத்தினி பின்னு இருக்குது?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்றை உடைத்துவிட்டதைச் சொன்னேன். அன்று சாயந்திரமே கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஒரு வயர்மேனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நாங்கள் கூப்பிடவில்லை. வந்ததும் என் பூ வேலைத் துணியை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தார். "அது சூடு வெளிய போற ஓட்டைங்கக்கா, மூடாதீங்க" என்றார். சுவரில் மூன்று ஓட்டை உள்ள புதுப் பிளக் பாயின்ட், வயருக்குப் புது பிளக். கொல்லையில் குழி தோண்டி, குழாய் இறக்கி, சுற்றிலும் உப்பும் அடுப்புக்கரியும் போட்டு எர்த் கொடுத்தார்கள்; கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கத்தான் அந்த மூன்றாவது பின்னாம். குழி தோண்டிய இடம் என் கனகாம்பரப் பாத்தி.

"உப்பு போட்டு இன்னா பாய், ஊறுகாயா போடறீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

கடைசியாக வெளித் தாழ்வாரத்தில், மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு புது சுவிட்ச் வைத்தார்கள். டிரிப்பர் என்றார். கரண்ட் எங்காவது கசிந்தால் அது தானாகவே கீழே இறங்கி வீடு முழுவதையும் நிறுத்திவிடுமாம். "எறங்குச்சின்னா ஒடனே தூக்காதீங்க. எதனாலன்னு பாத்துட்டு தூக்குங்க" என்று இரண்டு தரம் சொன்னார். நான் கனகாம்பரத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

பிறகு ஆயுத பூசை வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்கு அரிவாள், மண்வெட்டி, டிராக்டர், மிக்ஸி என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். இவருக்கு ஆம்பிளிஃபயர்தான் முதல் ஆயுதம். சாமிப் பாட்டைப் போட்டுவிட்டு, பாடிக்கொண்டிருக்கும் செட்டையே ஈரத்துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

"நிறுத்திட்டுத்தான் தொடைங்களேன்" என்றேன்.

"பூச நாள்ல பாட்ட நிறுத்துவாங்களா? அதுக்குப் பூச போடறப்ப அதுவே பாடட்டும்."

சரியாகப் பிழியாத துண்டு. மேலே இருந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. பாட்டு நின்றது, விசிறி நின்றது. எனக்கு வந்ததே ஆத்திரம். வடை மாவு பாதி அரைத்தபடி மிக்ஸியில் கிடக்கிறது. தாழ்வாரத்துக்குப் போய் டிரிப்பரைத் தூக்கினேன். டக்கென்று இறங்கியது. மறுபடி தூக்கினேன், இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் தரம் தூக்கினேன். அதற்கும் இறங்கியது. கீழே இறங்காமல் முட்டுக்கொடுக்க ஒரு விளக்குமாற்றுக் குச்சியை உடைத்துக் கையில் எடுத்தேன். அதற்கு முன் பாயை நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போன் போட்டேன்.

"நல்லா வச்சிட்டுப் போனீங்க பாய் ஒரு சுவிட்சு. நல்ல நாளும் அதுவுமா மூணு தரம் தூக்கிட்டேன், நிக்க மாட்டேங்குது."

"அக்கா, அண்ணன் எங்க இருக்காரு?"

"உள்ள செட்டு மேல கைய வச்சிக்கினு சந்தனம் வச்சிக்கினு இருக்காரு."

அவர் மெதுவாகச் சொன்னார். "சுவிட்சுல இருந்து கைய எடுங்கக்கா. அண்ணனயும் கைய எடுக்கச் சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே அவர் வெறுங்காலோடு ஈரத்தரையில் நிற்கிறார், கை அந்த இரும்புப் பெட்டியின் மேல் இருக்கிறது. நான் மூன்று தரம் அதற்குள் கரண்டை அனுப்பியிருக்கிறேன். மூன்று தரமும் அந்த டிரிப்பர் என் பேச்சைக் கேட்கவில்லை.

உள்ளே ஓடினேன். "லைன்ல கரண்டு வுட்டு வுட்டு வருதா?" என்று கேட்டவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுதேன். சுவிட்சை நான் தூக்கியதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் பாய் வந்து பிளக்கைப் பிடுங்கி, செட்டைத் திறந்து காயவைத்தார். காய்ந்த துணியால்தான் துடைக்க வேண்டும், அதையும் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் என்று இவரிடம் பொறுமையாகச் சொன்னார். நான் சுவிட்சைத் தூக்கியதைப் பற்றி மூச்சு விடவில்லை. என் முகத்தை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான். நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போனார். போகிறவரைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றபோது, இப்படி ஒரு மனிதரை நம் பக்கம் அனுப்பிய சாமிக்கு நூறு கும்பிடு போட வேண்டும் என்று தோன்றியது.

ஒளித்து வைத்துக்கொண்டு என்னால் அடுத்த வேளை சோறு தின்ன முடியவில்லை. இவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான்தான் தூக்கினேன், மூன்று தரம், நீங்கள் கை வைத்திருந்தபோது என்று. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் உள்ளங்கையை விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு வெறும் காப்பிய குடுத்தாடி அனுப்புன?" என்றார்.