எட்டாம் தட்டும் எனது டாக்டர் பட்டமும்

புள்ளியியல் என்பது கொஞ்சத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் பற்றித் தைரியமாகப் பேசும் தொழில். வகுப்பில் பேசினால் சம்பளம் கிடைக்கும், பட்டறையில் பேசினால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகமும் தொழிற்கூடமும் கைகோக்க வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ முடிவெடுத்தார்கள். கோக்கப் போன கை என்னுடையது. உங்களையும் யாராவது 'புராஜெக்ட்' என்று சொல்லி வெயிலில் இறக்கிவிட்டிருந்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

சென்சஸ் அம்மா

எனக்கு வாய்த்தது தண்டையார்பேட்டையில் காசிம் பாயின் ரப்பர் பட்டறை. பம்புக்குள் தண்ணீர் கசியாமல் இருக்கப் போடுகிற வளையங்கள் செய்கிறார்கள். பன்னிரண்டு மெஷின், பதினாலு ஆள். தோளில் பை, கையில் ரிஜிஸ்டரோடு நான் நுழைந்ததுமே, "பாய், சென்சஸுக்கு ஆள் வந்துகீது" என்று உள்ளே குரல் போய்விட்டது.

பாய் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். வளையம் முழுக்க எண்ணூர்ப் பக்கம் ஒரு பம்பு கம்பெனிக்குத்தான் போகிறது. விரிசல் என்று சொல்லி இரண்டு லோடு வரிசையாகத் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவதும் திரும்பினால் ஆர்டர் வேறு ஆளுக்கு. விரிசல் எங்கிருந்து வருகிறது என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். கணக்குப் போட்டால் தெரிந்துவிடும் என்று நான் பெரிய மனுஷியாகச் சொன்னேன். பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார்: "உங்க காலேஜ்ல கணக்கு தப்பா வந்தா பசங்களுக்கு மார்க்குதான் போவும். இங்க தப்பா வந்தா பதினாலு வூட்ல உலை ஏறாது."

விருந்தாளிக்கு எடுத்து வைத்தது

வளையங்களைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பவர் சரோஜா அக்கா. அந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. விரலால் மடக்கினால் மட்டும் வாய் பிளக்கும். "அக்கா, கைக்கு வந்தபடி நூறு எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். மறுநாள் நூறும் பளபளவென்று காத்திருந்தன. மடக்கினேன். ஒன்றில்கூட விரிசல் இல்லை. அடேயப்பா என்று குதித்துவிட்டேன்.

பிறகுதான் சந்தேகம் வந்து கேட்டேன். தட்டுத் தட்டாகத் தேடி, ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்து, சாயங்காலம் வரை உட்கார்ந்து பொறுக்கினாராம்! கைக்கு வந்ததைத்தானே கேட்டேன் என்று சிடுசிடுத்தேன். அக்காவுக்கு என் கோபமே புரியவில்லை. "இன்னாம்மா இது, வூட்டுக்கு வந்தவங்களுக்கு சொத்தக் கத்திரிக்காயவா ஆக்கிப் போடுவாங்க?"

துறைத்தலைவரின் கவலை

இன்னும் மூன்று வாரம் வேண்டும் என்று எங்கள் துறைத்தலைவரிடம் போய் நின்றேன். பட்டறையின் நிலைமையை உருக்கமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டார், தலையாட்டினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எல்லாம் சரிம்மா, அறிக்கையில வரைபடமெல்லாம் கலர்ல வருமில்ல?"

எட்டாம் தட்டு

இந்த முறை மனுஷரை நம்பவில்லை. மெஷினுக்கு ஒரு தட்டு, பன்னிரண்டு தட்டிலும் நம்பர். மணிக்கொரு தடவை அக்காவின் போனில் குருட்டாம்போக்காக ஒரு எண் வரும். அந்தத் தட்டில் ஐந்து வளையம் எடுத்து, மடக்கிப் பார்த்து எழுத வேண்டும். இரண்டு வாரம் போயிற்று. விரிசல் இல்லவே இல்லை! மூன்றாவது லோடு போக ஒரு வாரம்தான் பாக்கி. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பது மட்டும் மற்ற எண்களைப்போல இரண்டு பங்கு இருந்தது. எட்டு ஒரு இடத்திலும் இல்லை. கணக்கு வாத்தியாருக்கு முதல் நாளே கண்ணில் பட்டிருக்க வேண்டாமா? எட்டாம் தட்டைக் கவிழ்த்து மடக்கினேன். நாலில் ஒன்று வாய் பிளந்தது. எட்டாம் மெஷினில் ஒரு பக்கம் சூடே ஏறாமல், ரப்பர் அரைவேக்காடாக வந்திருந்தது.

அக்காவின் முகம் செத்துவிட்டது. "நல்லபடியா முடியணும்னு பண்ற காரியம்மா, எட்டுல போய் எப்டி கை வைப்பேன்? அதான் எட்டு வந்தப்பல்லாம் ஒன்பதுல எடுத்தேன்."

என் ஸ்கூட்டர்

பாய் போட்ட சத்தத்தில் மெஷின்களே அடங்கிவிட்டன. "நாளைலேர்ந்து நீ வராத" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்கா டிபன் பாக்ஸைப் பையில் போட்டார். என் சோதனையைக் கெடுத்தவர்தான், என்றாலும் அவர் எழுந்து போவதைப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் என் வாய் தானாக உளறியது. "பாய், என் ஸ்கூட்டருக்கு முதல்ல கூட்டினா எட்டு வர்ற நம்பர் வந்துச்சு. வேணாம்னு சொல்லிட்டு, வேற நம்பர் வர்ற வரைக்கும் ரெண்டு மாசம் மாத்தூர்ல இருக்கிற வீட்டுலேர்ந்து காலேஜுக்குப் பஸ்ல தொங்கினேன்." நிகழ்தகவில் டாக்டர் பட்டம் வாங்கியவள்! வெட்கத்தில் காது சுட்டது. பாய் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "போ சரோஜா, ஸ்டூல்ல குந்து. மொதல்ல இந்த டாக்டரம்மாவ காலேஜ்லேர்ந்து தூக்கட்டும், அப்பால உன்னத் தூக்குறேன்."

மூன்றாவது லோடு

மெஷினைச் சரிசெய்தார்கள். அந்த வாரம் பதினாலு பேரோடு நானும் தரையில் உட்கார்ந்து லோடு முழுக்க மடக்கினேன். விரல் வீங்கிவிட்டது. பம்பு கம்பெனி அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். எந்தத் தட்டில் எடுக்கலாம் என்று அவர் யோசிப்பதற்குள், சரோஜா அக்கா ஒரு தட்டைத் தூக்கி அவர் முன்னால் வைத்தார். மேலே எட்டு என்று எழுதியிருந்தது.

கொடுக்கிற தட்டில் எடுக்கக் கூடாது என்பது எங்கள் சாஸ்திரம். அன்றைக்கு அதை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். நல்லவேளை, அதிகாரி விவரமானவர். எட்டில் பத்து எடுத்தார், மற்ற பதினோரு தட்டிலும் தானே கையை விட்டு எடுத்தார். எல்லாவற்றையும் மடக்கினார். ஒன்றும் பிளக்கவில்லை. கையெழுத்துப் போடும்போது, இந்தத் தட்டை மட்டும் ஏன் முதலில் நீட்டினீர்கள் என்று கேட்டார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மத்ததெல்லாம் ஒரு தபா மடக்கினது சார். இத்த நான் ஒண்டியா மூணு தபா மடக்கிகீறேன்."

கண்ணை மூடிக்கொண்டு வந்ததை எடு என்பதுதான் இத்தனை வருஷமாக நான் நடத்துகிற பாடம். அதன்படி நடக்கிற ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை, கண்ணாடியில் தெரிகிறவளையும் சேர்த்துத்தான்.