பின் சீட்டு பார்த்து வாங்கிய வண்டி

எங்கள் அண்ணன் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. முதலாம் ஆண்டு நினைவுக்கு வெயிலென்று பாராமல் வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணனின் கடைவீதி நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம்.

"அவுகளப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுது தாயி, அந்த வண்டி கதய மட்டும் எழுதிராத" என்று மதினி சொன்னார். அதை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. சங்கரன்கோவிலில் பாதிப் பேர் அந்தக் கதையைத் தப்பாக அல்லவா வைத்திருக்கிறீர்கள்! தங்கச்சி மாப்பிள்ளை ஆசையாகக் கேட்ட மோட்டார் சைக்கிளை வாங்கித் தராத கஞ்சன் என்று அண்ணனுக்குப் பெயர் வைத்தது உங்கள் வாய்தானே? அதனால் நீங்களே உட்கார்ந்து படியுங்கள். என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, என்னயப் பத்தி உள்ளதயும் சேத்து எழுது" என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் பிறந்தது இளையரசனேந்தலில். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் பட்டினி என்றிருந்த குடும்பம். அப்பா காலமானபோது அண்ணன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். படிப்பை விட்டுவிட்டு, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்து வத்தல் கமிஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மிளகாய் நெடியில் நாள் முழுக்கத் தும்மித் தும்மித்தான் என்னை டீச்சர் டிரெயினிங் வரைக்கும் படிக்க வைத்தார். கோபம் வந்தாலும் சத்தம் போட மாட்டார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஓர் உதறு உதறி மறுபடி போட்டுக்கொள்வார். அந்த உதறலுக்கே நான் அடங்கிவிடுவேன், வேறு எதற்கும் அடங்காதவள்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, லீவுக்கு ஊருக்குப் போன இடத்தில், பருத்திப் பொதி ஏற்றிய மாட்டுவண்டியின் உச்சியில் இருந்து கீழே விழுந்தேன். முதுகில் அடி. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து எழுந்தேன். வெளியே பார்க்க ஒரு குறையும் தெரியாது. ஓடுவேன், தண்ணீர் தூக்குவேன். ஆனால் தூக்கிப் போடுகிற மாதிரி ஒரு குலுக்கல் பட்டுவிட்டால் இடுப்பில் இருந்து கால் வரைக்கும் வெட்டி இழுக்கும். பஸ்ஸில் கூட முன்பக்கம் இடம் கிடைத்தால்தான் ஏறுவேன். இது அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

முதலில் வந்த சம்பந்தத்தில் அண்ணன் இதை ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார். "பெறவு சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்து போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அதோடு விட்டார்களா? முதுகு ஒடிந்த பெண் என்று அவர்கள் பக்கத்தில் பேச்சும் கிளம்பியது. அம்மா அந்த ஏக்கத்திலேயே விழுந்து, கொஞ்ச காலத்தில் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு அண்ணன் துண்டை உதறினார். "இனிமே இதப் பத்தி நம்ம வாயால யாருக்கும் சொல்லக் கூடாதுட்டி" என்றார்.

அடுத்து வந்ததுதான் வாசுதேவநல்லூர்ச் சம்பந்தம். மாப்பிள்ளைக்குச் சங்கரன்கோவிலில் ஆபீஸ் வேலை. எனக்கும் அங்கேயே பள்ளிக்கூடம். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் வாசுதேவநல்லூரில் இருந்து தினமும் ஒரே வண்டியில் போய் வரலாம், ஆகவே மாப்பிள்ளைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் என்று பேச்சு வந்தது. அந்தக் காலத்தில் இது எல்லா வீட்டிலும் நடந்ததுதான். ஆனால் மாப்பிள்ளை கேட்டது, புதிதாக வந்திருந்த வேக வண்டி. பார்க்கக் கண்ணைப் பறிக்கும்.

அண்ணனுக்கு சைக்கிள் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. அதனால் அவர் ஒரு வேலை செய்தார். ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஒவ்வொருவரிடமும் போய், "திருவேங்கடம் ரோட்டுல ஒரு நட ஏத்திட்டுப் போங்க" என்று கேட்டு, பின்னால் உட்கார்ந்து போய்வந்தார். அதுவும் இரண்டு காலையும் ஒரே பக்கமாகத் தொங்கப் போட்டு, சேலை கட்டிய பெண்பிள்ளைகள் உட்காருகிற மாதிரி. மீசை வைத்த மனிதர் அப்படி உட்கார்ந்து தெருவில் போனால் ஊர் சும்மா இருக்குமா?

"என்ன அண்ணாச்சி, பொம்பள மாதிரி உக்காந்து போறீக?"

"வேட்டி அழுக்காகக் கூடாதுல்லா" என்பார்.

காண்டிராக்டர் ஒருவரின் பெரிய வண்டியில் முதலில் போனார். இரும்பு மாதிரி உறுதியான வண்டிதான், ஆனால் உட்கார்ந்த இடம் முழுக்க அதிர்ந்துகொண்டே இருக்கிறதாம். சிறிய வண்டி ஒன்றில் போனார். அது குழிக்குக் குழி தூக்கித் தூக்கிப் போட்டதாம். வேக வண்டி வைத்திருந்த மில் முதலாளி மகனிடம் கெஞ்சி ஏறினார். அதன் பின் சீட்டு சரிவாக, ஒடுக்கமாக இருக்கிறது, பிரேக் பிடித்தால் முன்னால் வழுக்குகிறது, கால் வைக்கத் தோதான இடம் இல்லை. கடைசியாக ஒரு ஓவர்சியரின் நடுத்தர வண்டியில் போய்வந்தார். நீளமான, சமமான மெத்தை சீட்டு. குழியில் இறங்கினால் ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது. பக்கவாட்டில் கால் வைக்கப் பலகை உண்டு, சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்கக் கம்பித் தடுப்பும் உண்டு. ஓட்டுகிறவரையும் விடவில்லை. "தெனமும் ஓட்டுதீகளே, கை மரத்துப் போவுதா, முதுகு வலிக்கா?" என்று துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றக் கூட இல்லை, "ஏட்டி, வண்டி அமைஞ்சிட்டு" என்றார். கல்யாணமே அமைந்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு முகத்தில்.

பரிசம் போடுவதற்கு முந்தின பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வண்டிப் பேச்சு எடுத்ததும் அண்ணன், "அந்த வண்டி வேண்டாம் மாப்ள. ஓவர்சியர் வச்சிருக்க மாதிரி வண்டிதான் வாங்கித் தருவேன்" என்றார். நான் அடுக்களை வாசலில் காப்பித் தட்டோடு நிற்கிறேன்.

"வாங்கித் தர வக்கில்லன்னா மொதல்லயே சொல்லிருக்கணும் தம்பி" என்றார் என் மாமனார்.

அண்ணன் முகம் கறுத்தது. விலையில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஒரே வார்த்தையில் காரணத்தைச் சொல்லிவிடலாம். சொன்னால் முன்பு போல இந்தச் சம்பந்தமும் எழுந்து போய்விடும். எனக்கு வெளியே போய் உண்மையைப் போட்டு உடைத்துவிடலாமா என்றிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். தலையை லேசாக அசைத்தார்.

"வக்கில்லன்னே வச்சுக்கிடுங்க மாமா" என்றார்.

மாப்பிள்ளை எழுந்துவிட்டார். "உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது மாப்ள. பின்னால உக்காரத் தெரியும்."

"ஓட்டப் போறது நான்லா?"

மாப்பிள்ளை செருப்பை மாட்டப் போய்விட்டார். அந்த நேரத்தில் என் மாமியார்தான், "ஏலே, ஒக்காரு. டீச்சர் வேல பாக்க பிள்ள, வண்டி எதா இருந்தா என்ன?" என்று அதட்டினார். என்னை நினைத்து இல்லை, என் சம்பளத்தை நினைத்து! எதை நினைத்தால் என்ன, கல்யாணம் நடந்தது. அண்ணனுக்குக் கஞ்சன் என்ற பெயர் நிலைத்தது.

வண்டியைக் கொடுத்த அன்று அண்ணன் தன் துண்டாலேயே துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினார். அதற்குப் பிறகு அதில் ஏறவே இல்லை. தங்கச்சிக்குச் சீராகக் கொடுத்த பொருளை அண்ணன்காரன் அனுபவிக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. நாங்கள் வண்டியில் போய் வாசலில் நின்று, "வாங்க, கோயில் வாசல் வரைக்கும் விடுதோம்" என்றாலும் நடந்துதான் வருவார்.

என் வீட்டுக்காரர் அந்த வண்டிக்கு வைத்த பெயர் எருமை. ஆபீசில் கிண்டல் செய்கிறார்களாம். மச்சான் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கோ தினமும் பயம். என்றைக்காவது தெரிந்துவிட்டால் என்ன ஆகும்? ஆனால் எருமை ஒரு நாளும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

காட்டிக் கொடுத்தது வேறு வண்டி. சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். இவர் சிநேகிதரிடம் அந்த வேக வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு சந்தோஷம். "ஏறுட்டி, எப்படிப் பறக்குன்னு பாரு." வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? ஏறினேன். புளியங்குடி தாண்டி ஒரு சின்னப் பாலம். அதை ஒட்டிப் பள்ளம் இருந்திருக்கிறது. வண்டி விழுந்து எழுந்தது. நான் அலறிவிட்டேன். இறங்கினால் நிற்க முடியவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்து நிழலில் உட்கார வைத்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வேறு வழி?

கேட்டு முடித்து, "அதுக்குத்தானா அந்த எரும?" என்றார். அவ்வளவுதான். இரவல் வண்டியை மரத்தடியிலேயே பூட்டிவிட்டு, வந்த கார் ஒன்றை நிறுத்தி என்னை வீட்டில் கொண்டு சேர்த்துவிட்டு, எங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் பாயில் படுத்தபடி, என் பெட்டியில் எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அண்ணனுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. நடந்ததை மதினிதான் பிறகு சொன்னார்.

இவர் உள்ளே போகவில்லை, வாசலிலேயே நின்றிருக்கிறார். "ஏன் மச்சான் மறச்சீக?"

"சொல்லிருந்தா கட்டிருப்பீகளா மாப்ள?"

இவர், "கட்டிருக்க மாட்டேன்" என்றிருக்கிறார். என் வீட்டுக்காரரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான், பொய் வராது.

"அதான் சொல்லல. தப்பு எம்மேல. அவள ஒரு வார்த்த சொல்லிராதீக. வேண்டாம்னா இங்கன கொண்டாந்து விட்டுருங்க. வண்டிய நீங்களே வச்சுக்கிடுங்க."

"அவ இல்லாம அந்தப் பின் சீட்ட வச்சு நான் என்ன செய்ய?" என்று கத்தியிருக்கிறார். மதினி நீட்டிய தண்ணீரைக் கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார்.

என்னிடம் ஒன்றும் பேசவில்லை. வலி விட்டு நான் பள்ளிக்கூடம் கிளம்பிய அன்று காலையில், வண்டியை வாசலில் நிறுத்திப் பின் சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏறு, நேரமாச்சு" என்றார். ஏறினேன். அன்றைக்கு அவர் முதுகில் சாய்ந்து அழுதேன், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அண்ணன் வீட்டு வாசலை மட்டும் மிதிக்கவே இல்லை. என்னை இறக்கிவிட்டுத் தெருமுனையில் நிற்பார். ஏமாற்றப்பட்ட வருத்தம் அவருக்கும் இருக்குமே. அண்ணனும் அதைத் தப்பென்று சொன்னதில்லை.

பின்னால் அண்ணன் திருவேங்கடத்தில் சொந்தமாக வத்தல் கடை வைத்துக் குடும்பத்தோடு அங்கே போனார். நன்றாக இருந்தவருக்கு வயிற்றில் வந்தது நோய். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்ட அடிக்கடி சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. பஸ் குலுக்கலில் துடித்துப் போய்விடுவார். ஒரு நாள் பாதி வழியில் இறங்கி, "என்னால ஆவாதுட்டி" என்று ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி அழுதேன். இவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை போக வேண்டிய அன்று நான் முந்தின நாளே அண்ணன் வீட்டில் இருந்தேன். காலையில் தெருவில் வண்டிச் சத்தம். தெருமுனையில் நிற்கவில்லை. நேராக வாசலுக்கே வந்தது.

"ஏறுங்க மச்சான்."

அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "குடுத்த வண்டில நான் ஏறக் கூடாது மாப்ள."

"எனக்காகவா வாங்குனீக? பின் சீட்டுக்காகத்தான வாங்குனீக? அது எஞ்சொத்து இல்ல. ஏறுங்க."

அண்ணன் துண்டை எடுத்தார். உதறப் போகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கால் அகட்ட முடியாததால், அன்றைக்குப் போலவே இரண்டு காலையும் ஒரு பக்கமாகத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் அவ்வளவு மெதுவாக வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை. சைக்கிள்காரர்கள் முந்திப் போனார்கள்.

நானும் மதினியும் பின்னாலேயே பஸ்ஸில் போய் இறங்கினோம். ஆஸ்பத்திரி பெஞ்சில் அண்ணன் சாய்ந்திருந்தார். "வலிச்சுதாண்ணே?" என்று கேட்டேன்.

"இல்லட்டி. நல்ல வண்டிதான் வாங்கிருக்கேன்" என்றார்.

கடைசி வரைக்கும் அந்த வண்டியில்தான் போய்வந்தார். பிறகு போக வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. மதினியும் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்க, வீட்டிலேயே அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

நோயில் கை கொடுத்த டாக்டருக்கும், கட்டுப் போட்ட நர்சம்மாக்களுக்கும், கடையைப் பார்த்துக்கொண்ட வத்தல் வியாபாரிகளுக்கும், தூக்கிப் போக வந்து நின்ற தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் வீட்டுக்காரருக்கு நன்றி சொன்னால் திட்டுவார், ஆகவே சொல்லவில்லை.

இன்னும் சிலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருவேங்கடம் ரோட்டில் அண்ணனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போன காண்டிராக்டர் அண்ணாச்சி, ஓவர்சியர் ஐயா, மற்ற எல்லோரும் இந்தக் கூட்டத்தில் எங்கேயோ இருப்பீர்கள். அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். பரவாயில்லை, இப்போது காரணம் தெரிந்துவிட்டது. உங்களுக்குத்தான் பெரிய கும்பிடு. அன்றைக்கு நீங்கள் ஏற்றிக்கொண்டு போனது என்னைத்தான்.