படப்பைக்கு அப்பால், கலை செய்த குழாயைப் பார்க்கப் போனது

இந்தப் பக்கத்தில் இதுவரை கோயில்களுக்குப் பஸ்ஸில் போகிற வழிதான் எழுதியிருக்கிறேன். திருநீர்மலை, மாடம்பாக்கம், குன்றத்தூர் என்று. இந்தத் தடவை போனது கோயில் இல்லை, ஒரு கம்பெனி. ஜூலையில் என் மகள் கலைவாணி காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் எதுவும் எழுதவில்லை. இந்தப் பக்கத்தை ஆரம்பித்துக் கொடுத்து, தமிழில் தட்டச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். ஒன்பதாவதோடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலை வேலை பார்த்த இடத்தில் ஆராய்ச்சி விமானத்துக்கான கருவி செய்கிறார்கள். விமானம் மேகத்துக்குள் போகும்போது வெளிக்காற்றை ஒரு குழாய் இழுத்துக் கொடுக்கும். அதில் எவ்வளவு தூசி, எவ்வளவு புகை என்று கருவி எண்ணும். அந்தக் குழாய் கலை செய்தது. விமானம் போகிற வேகத்தில் காற்று உள்ளே வந்து மோதினால் தூசியெல்லாம் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டாமல், காற்றை மெதுவாக்கி அனுப்ப வேண்டும். இரண்டு வருடம் அதையே மாற்றி மாற்றிச் செய்தாள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் கருவி கிளம்புகிறது, ஒரு தடவை வந்து பாருங்கள் என்று அவளோடு வேலை செய்த செந்தில் போன் செய்தான். வீட்டுக்காரர் வரவில்லை என்றுவிட்டார்.

சேலையூரிலிருந்து கிளம்பும்போது மணி ஒன்பது. ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி மேற்குத் தாம்பரம் போவதற்குள்ளேயே கால் ஓய்ந்துவிட்டது. முடிச்சூர் வழியாகப் படப்பை போகிற பஸ், டிக்கெட் ஆறு ரூபாய், பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கையில் குங்குமம், சந்தனம், கதம்பம், ஒரு திருஷ்டிப் பூசணிக்காய்.

"இன்னாமா, பூசணிக்காய சீட்ல குந்த வெச்சுக்கினு வர்ற? அதுக்கும் ஒரு டிக்கெட் கிழிக்கட்டா?" என்றார் கண்டக்டர்.

"மடியில வெச்சுக்கறேன்பா."

"வெச்சுக்க, வெச்சுக்க. இறங்கறப்ப அத மறந்துட்டு நீ மட்டும் இறங்கிடாத."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன் போல. ரொம்ப நாளாயிற்று.

படப்பை மார்க்கெட்டில் இறங்கி ஒரகடம் பக்கம் ஷேர் ஆட்டோ, பத்து ரூபாய். "இன்னாக்கா, கம்பெனில பூஜையா? வூட்டு ஆளு யார்னா வேல செய்றாங்களா அங்க?" என்று டிரைவர் கேட்டார். இரைச்சலில் காதில் விழாதது மாதிரி இருந்துவிட்டேன்.

கலை சில நாள் வாசலிலேயே கத்திக்கொண்டு வருவாள், "அம்மா, இன்னிக்கு ஜீரோ வந்துடுச்சு!" என்று. ஜீரோ வந்ததற்கு இந்தக் குதியா என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அவள் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்போ சாப்பிடலாமா?" என்பார். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு.

கம்பெனியில் செருப்பைக் கழற்றி, தலையில் இருந்த பூவை எடுத்து வைத்துவிட்டு, தொப்பி மாட்டித்தான் உள்ளே விட்டார்கள். பெரிய அதிகாரி உஷா மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "குங்குமம் கருவி போற மரப்பெட்டிக்கு வைங்கம்மா. கருவிக்கு வேண்டாம். நாங்க எப்பவும் பெட்டிக்குத்தான் வைப்போம், கலையும் அப்படித்தான்," என்றார். நன்றாகத்தான் கேட்டுக்கொண்டேன். பெட்டிக்கு வைத்தேன். பக்கத்து மேஜையில் கருவி திறந்திருந்தது. அதன் முன்னால் நீட்டிக்கொண்டு, முழங்கை நீளத்துக்குப் பளபளவென்று அவள் குழாய். விரலில் இன்னும் சிவப்பு இருந்தது. கை தானாகப் போய்விட்டது. குழந்தைக்கு வைப்பது போல அதன் வாயோரத்தில் ஒரு பொட்டு வைத்தேன்.

"ஐயோ, அம்மா!" என்றான் செந்தில்.

தூசி எண்ணுகிற கருவியின் வாயில் பொடி. உஷா மேடம் திட்டவில்லை. ஆனால் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு லாரி. கழுவிக் காயவைத்து, சுத்தமான காற்றை மட்டும் உள்ளே விட்டுப் பார்ப்பார்களாம். அப்போது கருவி ஜீரோ காட்ட வேண்டும். காட்டாவிட்டால் உள்ளே பொடி இருக்கிறது என்று அர்த்தம்.

"வரலன்னா?" என்று கேட்டேன்.

செந்தில் மேடத்தைப் பார்த்தான். "பழைய குழாய் ஒண்ணு இருக்கும்மா. அத மாட்டி அனுப்பிடுவோம்."

அப்படியானால் கலையின் குழாய் இங்கேயே கிடக்கும். அதுவும் என் கையால்.

ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஸ்பிரிட்டில் துடைத்தார்கள், காற்று ஊதினார்கள், மறுபடி துடைத்தார்கள். குழாயின் வாயில் ஒரு வெள்ளை வடிகட்டியைச் செருகிவிட்டு கருவியைப் போட்டார்கள். நானூறு சொச்சம். செந்தில் திரும்பக் கழற்றினான். யாரோ டீ கொடுத்தார்கள், ஆறிப்போயிற்று. அடுத்த தடவை அறுபது. அப்புறம் பதினொன்று. பதினொன்றிலேயே ரொம்ப நேரம் நின்றது. வேண்டிக்கொள்ளக்கூட எனக்குத் தெம்பு இல்லை. மூன்று. ஒன்று. மறுபடி மூன்று.

"கலை இருந்தா இந்நேரம் மெஷினத் திட்டிட்டு இருப்பா," என்றான் செந்தில்.

"என்னன்னு திட்டுவா?"

"எங்கம்மா மாதிரி அடம் புடிக்காதடீன்னு."

சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தால், ஜீரோ. அசையாமல் நின்றது. உஷா மேடம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். யாரும் குதிக்கவில்லை. குதிக்கிறவள் இல்லை.

குழாயோடு பெட்டியை மூடி லாரியில் ஏற்றினார்கள். பூசணிக்காயை நான்தான் உடைத்தேன், லாரிக்கு முன்னால், வெளி ரோட்டில்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கம்பெனி விடுகிற நேரம், தாம்பரம் பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. அதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். படப்பை மார்க்கெட்டில் கீரை மலிவு. பிள்ளைகள் இந்த மாதிரி இடத்தில் வேலை செய்து, அவர்கள் செய்ததைப் பார்க்கப் போனால் பூவும் குங்குமமும் எடுத்துப் போங்கள், ஆனால் கையைக் கழுவிவிட்டுக் கிட்டே போங்கள். எப்போதாவது போய்ப் பாருங்கள். அவர்கள் இருக்கும்போதே.

வீடு வந்தபோது அவர் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஜீரோ வந்துடுச்சு," என்றேன்.

அவர் எழுந்து விளக்கைப் போட்டார்.

"அப்போ சாப்பிடலாமா?" என்றார்.