ஆறுக்கு அரைக் கஜு

“வெண்டதைத் தின்னுங்கோ. வைச்சதைத் தின்னாதேங்கோ.” கணவர் பேதுருவின் விரலில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பேர்ள் அன்ரி அடுத்த சீட்டைத் திருப்புகிறார். பென்டில் ஹில் வீட்டில் புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி. சாப்பாட்டு மேசையில் பச்சைப் படுக்கைவிரிப்பு, அதன்மேல் ஆளுக்கு ஒரு கிண்ணம் வறுத்த கஜு, அதாவது முந்திரிப் பருப்பு.

அன்ரிக்கு ஐம்பத்துநான்கு வயது. ஊர் மன்னார். புலம்பெயர்ந்து வந்த இந்த நகரத்தில் ஒரு கசினோவில் பதினொரு வருடமாக பக்கரா மேசையில் சீட்டுப் போடுகிறார். இரவு வேலை. சொந்தக் காசில் ஒரு சதம்கூட வைத்து விளையாடியது கிடையாது. “சமைக்கிற ஆளுக்குப் பசி வராது” என்பார்.

பக்கராவில் பிளேயர், பேங்கர் என்று இரண்டு பக்கம். எந்தப் பக்கம் ஒன்பதுக்குக் கிட்ட வருகிறதோ அது வெல்லும். பேங்கர் சற்றுக் கூடுதலாக வெல்வதால், அதில் வென்றவரிடம் கசினோ ஐந்து வீதம் கமிஷன் வெட்டும். இப்போது கமிஷனே வெட்டாத மேசைகள் வந்திருக்கின்றன. அவற்றில் பேங்கர் வென்றால் முழுதாகக் கொடுக்க வேண்டும். ஆறு என்ற எண்ணிக்கையில் வென்றால் மட்டும் பாதி. அந்த மேசைக்குப் பரீட்சை உண்டு. பாஸானால் பகல் வேலை.

அன்ரிக்கு வேண்டியது அந்தப் பகல்தான். பேதுரு பஸ் ஓட்டுகிறார். அவர் வீட்டுக்கு வரும்போது இவர் வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு வாட்ஸப்பில் குடும்பம் நடத்துகிறார்கள். புதன்கிழமை பேதுருவுக்கு ஓய்வு நாள் என்பதால் அன்று மட்டும் அன்ரி நித்திரையைப் பாதியில் விட்டுவிட்டு எழும்புவார்.

சிக்கல் என்னவென்றால், பேங்கர் வென்றதும் அன்ரியின் கை கேட்டுக்கேள்வி இல்லாமல் கமிஷனை எடுத்துவிடுகிறது. “அது என்ர கை எடுக்கிறது, நான் எடுக்கேல்லை” என்று சாதிப்பார். அந்தக் கையைத் திருத்தத்தான் இந்த ஒத்திகை. கஜு வசதியாகப் போய்விட்டது. ஐந்து வீதம் வெட்ட அதில் வழியில்லை. பாதியாக்கவோ நகத்தால் ஒரு அழுத்து போதும்.

பக்கத்து வீட்டு அருந்தவனும் மனைவி சயந்தினியும் மற்ற ஆட்டக்காரர்கள். அருந்தவன் எப்போதும் பேங்கரில்தான் வைப்பார். அவர் எதில் வைக்கிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம் சயந்தினி. ஆறு வந்தால் அன்ரி ஒரு கஜுவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அருந்தவன் முன்னால் வைத்து, மறுபாதியைத் தன் வாயில் போட்டுக்கொள்வார். “இது கசினோவுக்கு.”

“கசினோவுக்கு நல்லா உடம்பு வைச்சிட்டுது” என்பார் பேதுரு.

தொழில் உடம்போடு ஒட்டிவிட்டது. மேசையை விட்டு எழும் முன், எதையும் ஒளிக்கவில்லை என்று இரு கைகளையும் தட்டி, விரித்து, மேலே இருக்கும் கமராவுக்குக் காட்ட வேண்டும் என்பது கசினோ சட்டம். அன்ரி கோயிலில் நற்கருணை வாங்கிவிட்டும் அப்படியே கூரைக்குக் காட்டுவார். முதல் தடவை, நற்கருணை கொடுத்த சுவாமியார் திடுக்கிட்டுப் போனார். இப்போது அவர் சிரிப்பை அடக்க மட்டும் பாடுபடுகிறார்.

பரீட்சை அன்று மூன்று மேற்பார்வையாளர்கள் ஆட்டக்காரர்களாக உட்கார்ந்தார்கள். கை ஒரு தடவைகூடக் கமிஷன் எடுக்கவில்லை. கடைசியில் பேங்கருக்கு ஆறு விழுந்தது. எதிரே பேங்கரில் வைத்த நூறு டொலர் சிப் ஒன்று, காசுக்குப் பதிலான வட்ட வில்லை. அன்ரி தட்டிலிருந்து இன்னொரு நூறு டொலர் சிப்பை எடுத்தார், விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்தார், அழுத்தினார். உடையவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார்.

“ஆர் யூ ஓகே, பேர்ள்?” என்றார் ஒரு மேற்பார்வையாளர்.

அப்போதுதான் அன்ரிக்கு உறைத்தது. சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை; தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று. குடித்துவிட்டு, சரியாக ஐம்பது டொலரை எடுத்து வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். முடிவு ஒரு வாரத்தில் வரும் என்றார்கள்.

“சரிவந்தால் மாதா கிருபை. சரிவராட்டி கஜுவின்ர குற்றம்” என்று பேதுருவிடம் சிரித்தபடி சொன்னார். ஆனால் அந்த வாரம் முழுக்க ஃபோனைக் குசினிக்கும் குளியலறைக்கும் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

இந்தப் புதன்கிழமை ஆட்டத்தின் நடுவே ஃபோன் ஒருதடவை அதிர்ந்தது. அன்ரி எடுத்து வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பதினொரு வருடப் பழக்கம்.

“என்ன அன்ரி?” என்றார் சயந்தினி.

“பொறு பிள்ளை, ஆட்டம் முடியட்டும்.” அருந்தவனுக்குச் சேரவேண்டிய கஜுவை வைத்துவிட்டு எழுந்து, விறுவிறென்று படுக்கையறைக்குள் போனார்.

“பேர்ள், என்ன செய்யிறீர்?” என்று பேதுரு பின்னாலேயே ஓடினார்.

பகலில் நித்திரை கொள்வதற்காகப் பதினொரு வருடமாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த அலுமினியத் தாளை, அன்ரி ஒரு மூலையில் பிடித்து மறுமூலைவரை சர்ரென்று கிழித்தார்.