மக்கள் கருத்து: ஏதுமில்லை

என் மேசை இழுப்பறையில் ஒரு கூட்டக் குறிப்பின் மூன்றாம் பக்கம் மட்டும் கிடக்கிறது. கட்டம் போட்ட தாள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'மக்கள் கருத்து'. அதற்கு நேரே, என் கையெழுத்தில், 'குறிப்பிடும்படி ஏதுமில்லை'. ஓரத்தில் ஒரு சின்னப் படமும் இருக்கிறது. வீடொன்றின் பின்புறமாக வளைந்து இறங்கும் வாய்க்கால், அதன் சரிவுக் கோணம், இரண்டு தடவை அடித்துத் திருத்திய எண். கங்காணியம்மா எழுந்து நின்று பேசியபோது நான் வரைந்துகொண்டிருந்த படம் அது.

தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களை மேய்த்தவர் கங்காணியம்மா. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைத் திறக்காமலே அத்தனை பெயரையும் வரிசை பிசகாமல் கூப்பிடுவார். நான் சுற்றுச்சூழல் பொறியியலாளர். கொழும்பில் வெள்ளநீர் வடிகால், சதுப்பு நிலம், வெயில் தாங்கும் கூரை என்று பத்து வருஷம் உழைத்த பிறகு அங்கே அனுப்பப்பட்டேன். மலைச்சரிவின் அடியில் ஒரு லயத்தின் வரிசை அறைகளில் இருந்த குடும்பங்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் சிறிய குடியிருப்பு ஒன்றை வடிவமைக்க வேண்டும். வீடுகள் எழும்பும்வரை, மண் சரியும் ஆபத்து வந்தால் அவர்களை முன்கூட்டியே வெளியே கொண்டுவரவும் ஒரு வழி செய்ய வேண்டும். நான் ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். லயம் எப்படி இருக்கும், மழை எப்படிப் பெய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற தலைக்கனம் என்னிடம் தாராளமாகவே இருந்தது.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தொட்டில்களை ஒதுக்கிவிட்டுக் கூட்டம் நடந்தது. என் ஏற்பாடு எளிமையானது. ஃபேக்டரி வாசலில் ஒரு மழைமானி. தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் ஃபேக்டரிச் சங்கை ஊதுவது. சங்கு கேட்டதும் எல்லோரும் மேட்டிலிருக்கும் மாதா கோயிலுக்கு வந்துவிட வேண்டும். இருக்கிற பொருளைத் திரும்பப் பயன்படுத்துவதே நிலைத்த வடிவமைப்பு என்று வாய் கிழியப் பேசினேன். புதுச் சங்கு வாங்கத் தேவையில்லை என்றதும் அதிகாரிகள் தலையாட்டினார்கள். நான் உட்கார்ந்து, குடியிருப்பின் வாய்க்காலைத் திருத்தத் தொடங்கினேன்.

அப்போதுதான் கங்காணியம்மா எழுந்தார். "மிஸ், மழ நாள்ல சங்கு ஊதுனா இன்னைக்குப் பெரட்டு இல்லன்னு அர்த்தம். சனம் இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துக்கும். வேற ஏதாச்சும் சத்தம் வைங்க." அதையே தோட்டத்து உத்தியோகத்தரைப் பார்த்து, "மாத்தயா" என்று தொடங்கிச் சிங்களத்திலும் சொன்னார். உத்தியோகத்தர் சிரித்துவிட்டார். நான் நிமிராமலே, "சரிம்மா, பார்க்கலாம்" என்றேன்.

அந்தச் சொல் என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. மழை என்பதற்காக என் அம்மா ஒருநாளும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூடையோடு மலையேறிவிடுவார். தேயிலையில் மழைக்கு லீவு கிடையாது. ரப்பரில் மரம் நனைந்தால் வெட்டு இல்லை, பால் பட்டையில் வழிந்து வீணாகும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். அதற்கும் நான் ஊதச் சொன்ன சங்குக்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை.

விடாமல் மழை பெய்யத் தொடங்கியபோது மழைமானியைப் பார்த்துக்கொள்ள நானே போய் ஃபேக்டரிப் பக்கத்தில் தங்கினேன். ஐந்தாம் நாள் விடியற்காலையில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வாச்சரிடம் சங்கை ஊதச் சொல்லிவிட்டு, கோயில் மேட்டுக்கு ஓடினேன். அங்கிருந்து கீழே லயம் முழுவதும் தெரியும். வேலைக்குக் கிளம்ப எழுந்தவர்களின் காம்பராக்களில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சங்கு ஊதியது. ஒரு விளக்கு அணைந்தது. பிறகு இன்னொன்று. வெளியே வருகிறார்கள் என்று நினைத்து வழியைப் பார்த்தபடி நின்றேன். ஒருவரும் வரவில்லை. விளக்குகள் மட்டும் அணைந்துகொண்டே போயின. ஃபேக்டரிப் பக்கம் திரும்பி, இன்னும் நீளமாக ஊதும்படி கத்தினேன். வாச்சர் நீளமாக ஊதினார். மிச்சமிருந்த விளக்குகளும் அணைந்தன.

மரம் நனைந்திருக்கிறதா என்று பார்க்க வழக்கம்போல முதல் ஆளாகப் பெரட்டுக்கு வந்திருந்த கங்காணியம்மா, மூச்சு வாங்க என்னிடம் ஓடிவந்தார். "படுத்துட்டாங்க மிஸ். ஊதாதீங்க, நிப்பாட்டச் சொல்லுங்க" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கினார். சங்கு நின்றதும் அவர் குரல் கேட்டது. லயத்து வாசலில் நின்று பெரட்டுக் கூப்பிட்டார். செக்ரோல் வரிசையில், ஒவ்வொரு பெயராக, அதட்டி. மழையில் பெரட்டா என்று திட்டிக்கொண்டே கதவைத் திறந்தார்கள். திறந்தவர்களிடம், "பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு மேல போ" என்று விரட்டினார். கம்பளியோடும் குழந்தைகளோடும் அவர்கள் மேடேறி வரத் தொடங்கியபோது, நான் எண்ணிக்கொண்டே நின்றேன். கடைசிக் குடும்பமும் பாதி வழிக்கு வந்துவிட்டது. கங்காணியம்மா லயத்தின் மறுகோடியை நோக்கித் திரும்பி ஓடினார். அங்கேதான் அவர் காம்பரா. மேலே மரங்கள் முறியும் சத்தம் கேட்டது. அவர் எட்டுவதற்குள் மண் அந்தக் கோடியை மூடிவிட்டது.

உள்ளே அவர் கணவர் இருந்தார். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. செக்ரோலில் பெயர் இல்லை. ஊரை எழுப்பிவிட்டுக் கடைசியாக நம்ம ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று கங்காணியம்மா நினைத்திருக்கிறார். சங்கு ஊதினால் மனைவி நனைந்துபோய்ச் சீக்கிரம் திரும்பிவிடுவார் என்று அந்த மனிதருக்குத் தெரியும். மழை நாளில் செய்கிறபடியே அன்றும் அவர் எழுந்து, பின்பக்க அடுப்பில் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்திருக்கிறார். கேத்தலோடுதான் அவரை எடுத்தார்கள்.

குடும்பங்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்துக்கு, அடக்கம் முடிந்த பின் கங்காணியம்மாவைப் பார்க்கப் போனேன். வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்திருந்தேன். அழுதேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பக்கத்து வாங்கில் உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்: "நான் சொல்லுறப்ப நீங்க பேனைய வச்சு எழுதிக்கிட்டு இருந்தீங்க மிஸ். எழுதிட்டாங்கன்னு நெனச்சேன். இல்லாட்டி இன்னொருக்கா சொல்லியிருப்பேன்."

குடியிருப்பு இப்போது எழும்பிவிட்டது. ஆபத்துக்கு எந்தச் சத்தம் என்று அங்குள்ளவர்களே முடிவு செய்தார்கள். கோயில் மணியை நிறுத்தாமல் அடிப்பது, கூடவே பெரட்டுக் கூப்பிடுவது. இந்த முறை கூப்பிடும் பட்டியலில் பேர் பதிந்தவர், பதியாதவர், கைக்குழந்தை, நோயாளி எல்லோரும் உண்டு. கங்காணியம்மாவின் பெயரும் உண்டு. அதைக் கூப்பிட வேண்டிய ஆள் இன்னொருவர். இன்று நான் எந்த ஊருக்குப் போனாலும் கூட்டம் முடியும்வரை பேனையைப் பைக்குள் வைத்துவிடுகிறேன். சின்ன உத்தியோகத்தர்கள் அதைக் கேலி செய்வது எனக்குத் தெரியும்.

போன மாதம் நல்ல மழையில் கங்காணியம்மாவைப் பார்க்கப் போனேன். முதல் வீடு அவருடையது. தேத்தண்ணி கொடுத்தார். குடித்துவிட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அந்த மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் வரைந்த வாய்க்கால்தான் அங்கே இருக்கிறது. கோணம் கொஞ்சமும் தப்பவில்லை. நான் வரைந்தபடியே தண்ணீர் ஓடுகிறது.