என் கண்டக்டர் இங்கிலீஷ்

தொண்ணூறுகளின் நடுவில், எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் நடந்தது இது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்க வேறு செய்கிறாள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் என்னைத் திட்டாதீர்கள், அவளைத் திட்டுங்கள்.

ஆடு மேய்க்கிற குடும்பம் எங்களுடையது. தெருவில் தமிழ், வீட்டுக்குள் தெலுங்கு. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த ஒரே உறவு, அதன் வேலியை என் ஆடுகள் தின்றதுதான். பஸ்ஸில் போர்டு படிக்கத் தெரியாமல், விளாத்திகுளம் போக வேண்டியவன் மணியாச்சியில் போய் இறங்கி, ரயிலை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். மகளாவது போர்டு படிக்கட்டும் என்று டவுனில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தேன். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

ஆவணி மாதம் டீச்சர் கூப்பிட்டு, "வீட்லயும் கொஞ்சம் இங்கிலீஷ் பேசிப் பழக்குங்க அண்ணாச்சி" என்றார். அந்தக் 'கொஞ்ச'த்தை நான் வழியிலேயே தொலைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

"இன்னைலருந்து இந்த வீட்டுல தெலுங்கும் கிடையாது, தமிழும் கிடையாது. இங்கிலீஷ் மட்டுந்தான். வாய் தவறிப் பேசுத ஆளுக்கு அன்னைக்குக் காப்பி கிடையாது" என்று சட்டம் போட்டேன்.

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்களுக்கு என்ன இங்கிலீஷ் தெரியும்?"

"ஏன், நான் பஸ்ஸுல போனதில்லையா?"

உண்மைதான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கண்டக்டர்கள் கொடுத்தது. ஸ்டாப், ரைட், டிக்கெட், ஃபுட்போர்டு. மகள் தட்டில் சோறு விழுந்ததும் "ரைட், ரைட்" என்பேன். அவள் வாசல்படியில் உட்கார்ந்தால் "ஃபுட்போர்டு!" என்று அதட்டுவேன். பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று ஆடுகளிடமும் அதையே பேசினேன்.

"ஆடே ஒங்களப் பாத்து முழிக்குது. பிள்ள என்ன செய்யும்?" என்றாள் மனைவி, தெலுங்கில். அன்றைக்கு அவளுக்குக் காப்பி கிடையாது என்று அறிவித்தேன். காப்பி போடுகிறவளே அவள்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. அன்று காப்பி கிடைக்காதது எனக்கு.

ஆனாலும் தன்னால் பிள்ளை படிப்பு கெட்டுவிடுமோ என்று அவளுக்கும் பயம். கொஞ்சம் கொஞ்சமாக மகளிடம் சைகையிலேயே பேச ஆரம்பித்தாள். படுத்துத் தூங்கும்வரை ஓயாமல் கதை அளந்துகொண்டிருந்த பிள்ளை அமைதியாகிவிட்டது. 'அடேயப்பா, படிப்பு ஏறுது' என்று நான் பெருமைப்பட்டேன்.

எங்களுக்குள் மிச்சமிருந்தது ஒரு விளையாட்டு. அவள் பஸ். நான் கை காட்டி "ஸ்டாப்" என்பேன். எங்கள் ஊர் டவுன் பஸ் என்றைக்கு நிறுத்தத்தில் நின்றிருக்கிறது? இருபது அடி தள்ளிப் போய்த்தான் நிற்கும். நாங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும். மகளும் அச்சு அசல் அப்படியே செய்வாள். "ஸ்டாப்" என்றால் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடித்தான் நிற்பாள். நானும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடுவேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஐப்பசியில் நல்ல மழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன். மனைவி தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தாள். கூட வந்த மகள் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். "பாம், பாம்" என்று ஹாரன் அடித்துக்கொண்டு, அம்மா கையை உதறிவிட்டு, நேரே என்னைப் பார்த்து ஓடிவந்தாள்.

அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது. மழைக்கு முளைத்த புல் விளிம்பு தெரியாமல் மூடியிருந்தது. தண்ணீர் பாதிக் கிணற்றுக்கு நின்றது.

"ஸ்டாப்!" என்று கத்தினேன்.

சிரித்தாள். இன்னும் வேகமாக ஓடிவந்தாள்.

"ஸ்டாப்! ஸ்டாப்!"

கத்தக் கத்த அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓட முயன்றால் ஈரக் கரிசல் என் காலைப் பிடித்துக்கொண்டது. என்னிடம் வேறு இங்கிலீஷும் இல்லை. அப்போது அடிவயிற்றிலிருந்து வந்தது பாருங்கள்:

"வத்தும்மா! அக்கடே உண்டு!"

வேண்டாம்மா, அங்கேயே இரு. அவ்வளவுதான். பஸ் நின்றது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்கூடத் தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றன. அவள் கால் பட்டு ஒரு மண்கட்டி உருண்டு தண்ணீரில் விழுந்த சத்தம் இந்தக் கரையில் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில்தான் இருக்கிறது.

சுற்றிப் போய் அவளைத் தூக்கினேன். மனைவி எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகள் மட்டும் என் தாடையைப் பிடித்துத் திருப்பி, ரொம்பக் கவலையாக, தெலுங்கில் கேட்டாள்:

"நைனா, நீ தெலுங்கு பேசிட்ட. இன்னைக்கு ஒனக்குக் காப்பி கிடையாதா?"

"சட்டமும் மயிரும்! பேசு தாயி, நீயும் பேசு" என்றேன்.

பேசினாள். கஞ்சி ஆறிப்போனது, அவள் நிறுத்தவில்லை. வகுப்பில் யார் யாரைக் கடித்தது, டீச்சர் வளையல் என்ன நிறம், சத்துணவு வாங்கும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் முட்டை என்று இரண்டு மாதப் பேச்சு. இத்தனையும் அந்தச் சின்ன நெஞ்சுக்குள் கிடந்திருக்கிறது. நான்தான் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு, படிப்பு ஏறுகிறது என்று நினைத்திருக்கிறேன்.

மறுநாள் டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கிணறு என்றதும் அவர் முகம் வெளுத்தது. கண்டக்டர் இங்கிலீஷைச் சொன்னதும் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒங்க பேச்சுல நீங்க கத சொல்லுங்க அண்ணாச்சி. இங்கிலீஷ நாங்க பாத்துக்கிடுதோம். தப்பித் தவறியும் நீங்க சொல்லிக் குடுத்துராதீங்க" என்று கும்பிட்டார்.

அதோடு எனக்கு வேலை போனது. மகளே டீச்சரானாள். பள்ளியில் படித்த இங்கிலீஷ் கதையை எனக்குத் தெலுங்கில் சொல்வாள், தெருப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்வாள். ஒரே கதையை இரண்டு இடத்தில் கேட்டு நானும் கொஞ்சம் தேறினேன். இப்போது போர்டு பார்த்துத்தான் பஸ் ஏறுகிறேன்.

இன்று அவள் கல்லூரிக்கு வேலைக்குப் போகிறாள். காலையில் பஸ் ஏறும்போது நான் கீழே நின்று தெலுங்கில் "ஜாக்கிரத்தம்மா" என்பேன். எவ்வளவு கூட்டமானாலும் படியில் ஒரு நொடி நின்று திரும்பிப் பார்ப்பாள். அந்த ஒரு நொடிக்காகவே எங்கள் பேச்சை வீட்டில் விடாமல் வைத்திருக்கிறேன்.