கூடிப்போன மெமரி

பேத்தி பிறந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிரே வருகிறவர்களிடமெல்லாம் அவள் மூக்கைப் பற்றியே பேசுகிறேன். இன்று மூக்கை விட்டுவிட்டு அவளுடைய அத்தையைப் பற்றிச் சொல்கிறேன். அத்தை என்றால் என் மாப்பிள்ளையின் அக்கா. வீட்டில் எல்லோருக்கும் அவள் ‘ஊசி’. தொழிலும் ஊசி, நாக்கும் ஊசி.

வீட்டின் முன்னறையில் பீரோ அகலத்துக்கு அவளுடைய எம்பிராய்டரி மெஷின் நிற்கிறது. சட்டையில் பேர், தொப்பியில் பூ, எது கேட்டாலும் தைக்கும். தகப்பன் போன பிறகு தம்பியைப் படிக்கவைத்ததும் கல்யாணம் செய்துவைத்ததும் அந்த மெஷின்தான். அதற்கு உத்தரவு போட ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதுவும் அதில் ரொம்பப் பழைய சிஸ்டம் சாஃப்ட்வேர் இருந்தால்தான் மெஷின் பேச்சுக் கேட்கும். புதுசு போட்டால் மாமியார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்தக் கம்ப்யூட்டர் ஒருநாள் புகைந்து அணைந்துவிட்டது.

“போதும் விடுக்கா. நாளைக்குச் சாயங்காலம் இரும்புக்காரர் வர்றாரு, மெஷினை எடைக்குப் போட்டுடலாம். அந்த இடத்துல பாப்பாவுக்குத் தொட்டில் வச்சிக்கலாம்” என்றார் மாப்பிள்ளை.

“உனக்குச் சோறு போட்டதை எடைக்குப் போடுவியாடா? நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கில்ல? வாயை மூடிட்டு இரு” என்றாள் ஊசி.

கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரிடம் போய், யாரோ கழித்துப்போட்ட வேறொரு கம்ப்யூட்டரை வாங்கி வந்தாள். பத்திரமாக வைத்திருந்த பழைய சிஸ்டம் சிடியைப் போட்டாள். எல்லாம் ஏறியது. கடைசியில் திரை கறுத்து, ‘மெமரி போதவில்லை’ என்று நின்றது.

மறுநாள் காலையில் சர்வீஸ்காரரே வந்தார். உள்ளே இருந்த ‘ராம்’ என்கிற மெமரித் துண்டுகள் இரண்டையும் கழற்றி, பென்சில் ரப்பரால் பளபளவென்று தேய்த்து மாட்டினார். மெமரி போதவில்லை. கடையிலிருந்து இன்னொன்று கொண்டுவந்து சேர்த்தார். போதவில்லை. நான்காவதையும் செருகினார். இப்போது அதைச் சொல்லக்கூட அதற்குத் தெம்பில்லை; பாதியில் அப்படியே உறைந்துவிட்டது.

“இது என்னம்மா, போடப் போட முழுங்குது?” என்று அவர் நெற்றியைத் துடைத்தார்.

“வேணாம்கா. செத்ததுக்கு ஏன் சாம்பிராணி போடுற?” என்றார் மாப்பிள்ளை.

ஊசி மூலையில் கிடந்த செத்த கம்ப்யூட்டரை இழுத்து மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு ராம். அதன் மேல் எழுதியிருந்த அளவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தாள்.

“அண்ணே, இதுல உள்ளது அதுல கால்வாசி கூட இல்லையே. இத்தனூண்டை வச்சிக்கிட்டு இத்தனை வருஷம் எப்படி ஓடிச்சு?”

சர்வீஸ்காரர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“அட! ஆமா. அந்தக் காலத்துச் சிஸ்டம்மா. இவ்வளவு மெமரியை அது கண்டதே இல்ல. கூடிப்போச்சுன்னு சொல்லத் தெரியாம பத்தலைன்னு கத்துது!”

“பாப்பாவும் அப்படித்தான் அண்ணி. வயிறு முட்டிப்போனாலும் பசிக்கிற மாதிரியே கத்துவா” என்று உள்ளிருந்து என் மகள் குரல் கொடுத்தாள்.

“அப்போ கழட்டுங்க” என்றாள் ஊசி.

ஒன்றைக் கழற்றினார். பழையபடி போதவில்லை. இன்னொன்று. போதவில்லை. மூன்றாவதைக் கழற்றும்போது நான் லாரியில் மலை இறங்குகிறவன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றே ஒன்று மிச்சம். பட்டனைத் தட்டினார்.

திரையில் நீலம் விரிந்தது. சிஸ்டம் விழிக்கும்போது பாடும் பழைய பாட்டு ‘டடாங்’ என்று கேட்டது. ஊசி, மெஷினுக்கான புரோகிராமை ஏற்றினாள். வெள்ளைத் துணி ஒன்றை மாட்டித் தட்டினாள். தடதடதடவென்று மெஷினின் ஊசி இறங்கியது. சிவப்பில் ஒரு இதழ் விழுந்தது, பிறகு இன்னொன்று. நான் விசிலடித்தேன். என் வயசுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

“மெதுவா மாமா! பேத்தி எந்திரிச்சா நீங்கதான் தோள்ல போட்டு நடக்கணும்” என்று ஊசி திட்டினாள். கண் மட்டும் சிரித்தது.

சாயங்காலமும் ஆகிவிட்டது; அந்த நேரம் பார்த்து வாசலில் இரும்புக்காரர் தராசோடு வந்து நின்றார்.

“மெஷின் எங்கம்மா?”

“ஓடுது, பார்க்கலையா? செத்த கம்ப்யூட்டரை மட்டும் எடுத்துக்குங்க.”

“அப்போ தொட்டிலை எங்கக்கா வைக்கிறது?” என்றார் மாப்பிள்ளை, பாவமாக.

“உன் ரூம்ல வை. அந்தப் பெரிய டிவியை எடைக்குப் போட்டா தாராளமா இடம் இருக்கும்.”

“டிவியா? எந்த ரூம்மா?” என்று இரும்புக்காரர் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டார்.